இறக்கைச் சுமையை மட்டும் வைத்து ஒரு போர் விமானத்தின் திருப்பத்தை அளந்துவிட முடியுமா?

ஜூன் 4 (வாசகர் ஒருவர் எழுதியது)

இரண்டாம் உலகப் போர் விமானங்களில் எது குறுகிய வட்டத்தில் திரும்பும் என்று வருஷக்கணக்கில் சண்டை நடக்கிறது. விடை ரொம்ப எளிது. எடையை இறக்கைப் பரப்பால் வகுங்கள். அதுதான் இறக்கைச் சுமை. அந்த எண் குறைவாக வருவது வெல்லும். என் அட்டவணை இதுதான்: ஜப்பானின் ஜீரோ முதலிடம், அடுத்து பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், அதற்குக் கீழே ஜெர்மனியின் மெஸர்ஷ்மிட் 109, கடைசியில் அதே ஜெர்மனியின் ஃபோக்க வுல்ஃப் 190. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 4, இரவு

நிறைய இருக்கிறது.

வகுத்தலில் தப்பு இல்லை. ஏ6எம்2 ஜீரோ சுமார் 2,400 கிலோ, இறக்கைப் பரப்பு 22.4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 107 கிலோ வருகிறது. ஸ்பிட்ஃபயர் மார்க் 1 சுமார் 125. மெஸர்ஷ்மிட் 109இ 160 பக்கம். ஃபோக்க வுல்ஃப் 190ஏ 200ஐத் தாண்டிவிடும். நீங்கள் சொன்ன வரிசை அப்படியே வருகிறது.

ஆனால் இந்த எண்ணில் வேகம் இல்லை, உயரம் இல்லை, எஞ்சின் இல்லை, ஸ்டிக்கை, அதாவது கட்டுப்பாட்டுக் கோலை, இழுக்கும் ஆளும் இல்லை. போர் நடந்தது இந்த நான்கும் இருந்த இடத்தில்தான்.

ஜூன் 5

காலையில் இரண்டு பேர் சூத்திரம் கேட்டிருக்கிறார்கள். வார்த்தையில் சொல்கிறேன்.

உயரம் இழக்காமல் திரும்ப வேண்டுமானால் விமானம் சாய வேண்டும். 60 டிகிரி சாய்ந்தால் 2 ஜி, அதாவது விமானமும் ஓட்டியும் இரண்டு மடங்கு கனப்பார்கள். 70 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினால் 3 ஜி. 80ஐத் தாண்டினால் 6 ஜி. இது எல்லா விமானத்துக்கும் ஒன்றுதான், சின்னப் பயிற்சி விமானமான செஸ்னாவாக இருந்தாலும் போர் விமானமான மஸ்டாங்காக இருந்தாலும்.

வட்டத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பெருகும். மணிக்கு 360 கி.மீ. வேகத்தில் 3 ஜி இழுத்தால் ஆரம் சுமார் 360 மீட்டர், முழு வட்டத்துக்கு 22, 23 நொடி. அதே 3 ஜி, ஆனால் 540 கி.மீ. வேகம் என்றால் ஆரம் 810 மீட்டர், வட்டத்துக்கு 34 நொடி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, வட்டம் இரண்டே கால் மடங்காகிவிட்டது.

540இல் 6 ஜி இழுத்தால் ஆரம் 390 மீட்டருக்கு இறங்கும். வட்டத்தை 16 நொடியில் முடித்துவிடலாம். எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அந்தக் காலத்து எந்த எஞ்சினும் அதைத் தாங்கிப் பிடிக்காது. கால் வட்டம் போவதற்குள் வேகம் சரியத் தொடங்கிவிடும்.

ஆகவே "நன்றாகத் திரும்பும்" என்று சொல்லும்போது நாம் இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறோம். ஒன்று, ஒரு கணத்தில் எவ்வளவு கூர்மையாக மூக்கைத் திருப்ப முடியும் என்பது. மற்றது, வேகமும் உயரமும் குறையாமல் எவ்வளவு நேரம் அந்த வட்டத்தில் தாக்குப்பிடிக்க முடியும் என்பது. முதலாவதற்கு இறக்கைச் சுமை பெரிய விஷயம். இரண்டாவதற்கு எஞ்சின் பலமும், இறக்கையின் நீளமும், காற்று இழுவையும்.

ஜூன் 5, மாலை

இறக்கையின் நீளம் எதற்கு என்று கேட்கிறார் ஒரு நண்பர். திருப்பத்தில் இழுவையைக் கூட்டுவது பெரும்பாலும் தூக்குவிசையை உண்டாக்கியதற்காகக் கொடுக்கும் விலைதான். நீண்ட இறக்கைக்கு அந்த விலை குறைவு. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், 109இ 9.87 மீட்டர். எடையைப் பரப்பால் வகுக்காமல் இந்த நீளத்தால் வகுத்துப் பாருங்கள். ஒன்று மீட்டருக்கு 250 கிலோ, மற்றது 263. கிட்டத்தட்டச் சமம்! பரப்பால் வகுத்தபோது தெரிந்த அந்தப் பெரிய இடைவெளி எங்கே போயிற்று?

அதனால்தான் தாக்குப்பிடிக்கும் திருப்பத்தில் இந்த இரண்டும் உங்கள் அட்டவணை சொல்வதைவிட நெருக்கமாக இருந்தன. உயரத்தைப் பொறுத்தும், எஞ்சின் எந்த அழுத்தத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தும் தராசு இப்படியும் அப்படியும் அசையும்.

ஜூன் 7

இன்று ஃபார்ன்பரோவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். இந்த விவாதம் முழுவதும் எனக்கு அங்கேதான் போய் நிற்கிறது.

1939 நவம்பரில் ஒரு 109இ பிரான்சில் இறங்கிப் பிடிபட்டது. அது பிரிட்டனுக்கு வந்து, ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் 1940இல் விரிவாகச் சோதிக்கப்பட்டது. 12,000 அடி உயரத்தில், எஞ்சினை முழுதாகத் திறந்து, உயரம் இழக்காமல் திரும்பினால் மிகக் குறைந்த ஆரம் எவ்வளவு என்று அளவீடுகளிலிருந்து கணக்கிட்டார்கள். ஸ்பிட்ஃபயருக்கு 696 அடி. 109க்கு 885 அடி. நம் கணக்கில் 212 மீட்டர், 270 மீட்டர்.

வகுத்துப் பார்த்தால் 1.27. உங்கள் இறக்கைச் சுமைகளையும் வகுத்துப் பாருங்கள்: 160ஐ 125ஆல் வகுத்தால் 1.28. அட்டவணை கச்சிதமாகப் பொருந்துகிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. மிகக் குறுகிய வட்டம் என்பது ஸ்டால் ஆகும் விளிம்பில், அதாவது காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரியும் நிலைக்குச் சற்று முன்னால், குறைந்த வேகத்தில் போடும் வட்டம். அங்கே இறக்கைச் சுமைதான் ராஜா.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு பத்தி இருக்கிறது. பிடிபட்ட 109ஐ ஸ்பிட்ஃபயர்களோடு மோதவிட்டு ஒத்திகைச் சண்டை நடத்தினார்கள். எதிர்பாராத அளவுக்குப் பல தடவை 109 ஸ்பிட்ஃபயரின் வாலைப் பிடித்துக்கொண்டே போனது. காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள்: ஸ்பிட்ஃபயர் ஓட்டிகள் திருப்பத்தைப் போதுமான அளவு இறுக்கவில்லை. ஸ்டிக்கை அளவு மீறி இழுத்தால் விமானம் சட்டென்று ஸ்டால் ஆகிப் புரண்டு சுழலில் விழும். அது அவர்களுக்குத் தெரியும். அந்தத் தெரிதலே கையைக் கட்டிப்போட்டது.

யோசித்துப் பாருங்கள். 58 மீட்டர் ஆரம் மிச்சம் இருக்கிற விமானம். துரத்துவது தன் நாட்டுச் சோதனை ஓட்டி, துப்பாக்கியில் குண்டு வராது. அப்போதே கை தயங்குகிறது என்றால் டோவர் கடலுக்கு மேலே, நிஜ 109 பின்னால் வரும்போது, போர்ப்படைக்கு வந்து சில வாரமே ஆன ஒரு இருபது வயதுப் பையன் எந்த ஆரத்தில் திரும்பியிருப்பான்?

அட்டவணையில் இருப்பது விமானத்தின் விளிம்பு. சண்டையில் பயன்பட்டது ஓட்டியின் விளிம்பு. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது ஒவ்வொரு விமானத்துக்கும் வேறு. அதைத்தான் நாம் ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

ஜூன் 7, இரவு

"பயத்தை எப்படி ஒப்பிடுவது" என்று கேட்ட வாசகருக்கு.

பயத்தை அளக்க முடியாது. ஆனால் அதைக் கூட்டுவதும் குறைப்பதும் இயந்திரத்தில் இருக்கிறது. ஸ்டால் வருமுன் விமானம் சொல்லுமா, சொல்லாதா? சொன்னால் எவ்வளவு முன்னால்? ஸ்டால் ஆனால் என்ன செய்யும்?

ஸ்பிட்ஃபயரின் இறக்கை உடலருகே ஒரு கோணத்திலும் நுனியில் இரண்டரை டிகிரி குறைவான கோணத்திலும் முறுக்கப்பட்டிருந்தது. அதனால் உள்பக்கம் முதலில் காற்று பிரியும், நுனியில் விமானத்தைச் சாய்க்கும் தகடான ஏலரான் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அந்தக் காற்றுக் கலக்கம் விமானம் முழுவதையும் பழைய டவுன் பஸ்ஸின் தரைப்பலகை மாதிரி அதிரவைக்கும். பழகிய ஓட்டி அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டே விளிம்பில் உட்கார்ந்திருக்கலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் பின்னால் ஒரு மார்க் 5ஐச் சோதித்தபோது இந்த எச்சரிக்கையைப் பாராட்டினார்கள். கூடவே ஒரு குறையும் கண்டார்கள்: சாதாரணப் பறப்பிலிருந்து உச்சத் தூக்குவிசை வரை போக ஸ்டிக்கை இரண்டு சென்டிமீட்டர் அளவு இழுத்தாலே போதும். அவ்வளவு மெல்லிய கை வேண்டும். நடுங்கும் கைக்கு அது கொடுமை.

109இல் வேறு ஏற்பாடு. இறக்கையின் முன்விளிம்பில் தானாகத் திறக்கும் ஸ்லாட்டுகள். ஸ்டால் நெருங்கும்போது வெளியே வந்து காற்றோட்டத்தைப் பிடித்து நிறுத்தும். நல்ல ஏற்பாடுதான், ஸ்டாலும் மென்மையாகவே இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறக்காவிட்டால் ஏலரான் வெடுக்கென்று பறிக்கும், குறி தவறும். புதிய ஓட்டி அந்தத் தட்டலை ஸ்டால் என்று நினைத்துக் கையைத் தளர்த்துவான். அனுபவசாலி அது ஆரம்பம்தான் என்று தெரிந்து இன்னும் இழுப்பான். 109இல் ஸ்பிட்ஃபயரின் வட்டத்துக்குள்ளேயே திரும்பினேன் என்று சொன்ன ஜெர்மன் ஓட்டிகள் பொய் சொல்லவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் தன் விமானத்தின் விளிம்பில் இருந்தார், எதிரே இருந்தவர் தன் விமானத்தின் விளிம்புக்கு வரவே இல்லை.

ஜூன் 8

என் சொந்த அனுபவம். இதைச் சொல்லாமல் மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை.

நான் ஒரு பறப்புப் பள்ளியில் சில காலம் செஸ்னா 152 ஓட்டப் பழகினேன். பெரிய சாய்வில் திரும்பும் பயிற்சி வந்தது. காகிதத்தில் எல்லாம் தெரியும். 60 டிகிரியில் 2 ஜி, ஸ்டால் வேகம் நாற்பது சதவீதம் கூடும், எஞ்சினை முழுதாகத் திறக்க வேண்டும். பரீட்சையில் கேட்டால் தூக்கத்தில்கூட எழுதுவேன். மேலே போய்ச் சாய்த்தபோது கன்னம் கீழே இறங்கியது, கை கனத்தது, தொடுவானம் கண்ணாடிக்குக் குறுக்கே நின்றது. ஸ்டால் எச்சரிக்கைக் குழல் லேசாக முனகத் தொடங்கியதும் என் கை தானாக முன்னால் போனது. ஆசிரியர் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து, "இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது, இழு" என்றார். இழுக்க முடியவில்லை. புத்திக்குத் தெரிந்தது கைக்கு வந்து சேர அதற்கப்புறம் பல வாரங்கள் ஆயின.

அது 2 ஜி. கீழே வயல், மேலே நல்ல வானம், யாரும் சுடவில்லை.

ஜூன் 8, சற்று நேரம் கழித்து

சிமுலேட்டரில் 109ஐ வைத்து ஸ்பிட்ஃபயரைத் திருப்பத்தில் வென்றதாக ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நம்புகிறேன். நானும் ஆடுகிறேன். சிமுலேட்டரில் நமக்கு ஸ்டால் ஆனால் மறுபடி தொடங்கலாம், ஜி நம் கழுத்தை அழுத்தாது, ஸ்டிக் 500 கி.மீ. வேகத்திலும் இலகுவாக அசையும். அதனால் ஆடுகிற எல்லோருமே விளிம்பில் ஓட்டுகிறோம். 1940இல் அப்படி ஓட்டியவர்கள் ஒரு படைப்பிரிவில் கொஞ்சம் பேர்தான்.

ஜூன் 11

"ஸ்டிக் இலகுவாக அசையும்" என்றேன் அல்லவா, அதிலிருந்து ஜீரோவுக்குப் போகலாம்.

1942 ஜூன் 4 அன்று தடயோஷி கோகா என்ற ஜப்பானியக் கடற்படை ஓட்டி, எண்ணெய்க் குழாயில் குண்டு பட்ட தன் ஜீரோவை அலூஷியன் தீவுகளில் அகுடான் என்ற தீவில் இறக்கினார். கெட்டித் தரை என்று நினைத்த இடம் சதுப்பு நிலம். விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது, அவர் அங்கேயே இறந்தார். அடுத்த மாதம் ஒரு அமெரிக்க ரோந்து விமானத்தின் கண்ணில் அது பட்டது. சான் டியேகோவுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து செப்டம்பரில் பறக்கவிட்டார்கள்.

தெரியவந்தது என்ன? சுமார் 200 நாட் வேகத்துக்கு மேல், அதாவது மணிக்கு 370 கி.மீ. தாண்டினால், ஏலரான் இறுகிப்போகிறது. உருள்வதற்கு, அதாவது பக்கவாட்டில் சாய்ந்து புரள்வதற்கு, பெரும் பலம் வேண்டும். அதிலும் வலப்பக்கம் உருள்வது இடப்பக்கத்தைவிடக் கஷ்டம். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எஞ்சின் தடுமாறுகிறது.

திரும்ப வேண்டுமானால் முதலில் சாய வேண்டும். சாய முடியாத விமானத்துக்கு 107 கிலோ இறக்கைச் சுமை இருந்து என்ன பயன்? 300 கி.மீ. வேகத்தில் ஜீரோவோடு வட்டம் சுற்றினவன் செத்தான். 450இல் டைவ் அடித்து வலப்பக்கம் உருண்டவன் பிழைத்தான். விமானம் ஒன்றேதான், வேகம் மாறியதும் ஆட்டமே மாறிவிட்டது.

ஜீரோவை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷிமேல் எனக்கு மரியாதை அதிகம். ஆயிரம் குதிரைத்திறனுக்கும் குறைவான ஒரு எஞ்சினை வைத்து அந்த வீச்சையும் அந்தத் திருப்பத்தையும் கொண்டுவந்தது சாதாரண வேலை இல்லை. கவசத் தகடும் தானாக அடைக்கும் எரிபொருள் தொட்டியும் இல்லாமல்தான் அது முடிந்தது. அந்தக் கணக்கை ஓட்டிகள் உயிரால் கட்டினார்கள்.

ஜூன் 12

இதே விஷயத்தில் அமெரிக்கக் கடற்படை ஓட்டி ஜான் தாச்சை மறக்கக் கூடாது. அவர் ஓட்டிய வைல்ட்கேட் போர் விமானம் ஜீரோவோடு திருப்பத்தில் நிற்காது. 1941இலேயே, ஜீரோவை நேரில் பார்ப்பதற்கு முன்பே, உளவுக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு, வீட்டு மேஜையில் தீக்குச்சிகளை வைத்து அவர் யோசித்தார். இரண்டு விமானம் இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாகப் பறக்கட்டும். ஒன்றின் வாலை எதிரி பிடித்தால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பட்டும். எதிரி தன் இரையைப் பின்தொடர்ந்தால் மற்றதன் துப்பாக்கிக்கு நேர் எதிரே வந்து நிற்பான். மிட்வே தீவுச் சண்டையில், 1942 ஜூனில், அதைச் செய்தே காட்டினார்.

ஒரு விமானத்தின் திருப்ப ஆரத்தை இரண்டு விமானங்களின் நிலை ஈடுகட்டிவிடுகிறது. இதுவும் அட்டவணையில் வராத விஷயம்.

ஜூன் 12, இரவு

இலங்கை நண்பர் ஒருவர் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியதைப் பற்றிக் கேட்டார். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ரத்மலானையிலிருந்து 30ஆம் ஸ்குவாட்ரன், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் போட்ட ஓடுதளத்திலிருந்து 258ஆம் ஸ்குவாட்ரன், இரண்டும் பிரிட்டிஷ் ஹரிகேன் போர் விமானங்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் சீனன்குடாவிலிருந்து 261.

ஹரிகேன் திருப்பத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய விமானம். ஸ்பிட்ஃபயரைவிடவும் சற்றுக் குறுகிய வட்டம் போடும் என்பார்கள். ஐரோப்பாவில் அது உண்மை, ஏனென்றால் எதிரே 109. இங்கே எதிரே ஜீரோ. ஐரோப்பாவிலும் மத்திய தரைக்கடலிலும் கைகொடுத்த பழக்கம் இங்கே ஆளைக் கொல்லும்.

ஆனாலும் அன்று நடந்ததைத் திருப்பத்தின் கணக்கில் எழுதுவது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லை. ரத்மலானையில் குண்டு வீச்சாளர்கள் தலைக்கு மேலே வந்தபின்தான் பலர் ஓடிப்போய் ஏறினார்கள். ஏறிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு வேகமும் இல்லை, உயரமும் இல்லை. அந்த நிலையில் மேலிருந்து வருபவனிடம் எந்த விமானமும் மாட்டிக்கொள்ளும், அது ஜீரோவாகவே இருந்தாலும்.

ஜூன் 13

அதே பாடம் ஆஸ்திரேலியாவில் டார்வினுக்கு மேலே 1943இல் இன்னொரு முறை. பிரிட்டன் வானத்தைக் காத்த ஸ்பிட்ஃபயர் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். ஜீரோவோடு வட்டம் சுற்றிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிடிபட்ட ஒரு ஜீரோ வகையை அந்த ஆண்டே மார்க் 5ஓடு மோதவிட்டுச் சோதித்தபோது, 20,000 அடி வரை ஜப்பானிய விமானமே மேல் என்றார்கள் ஓட்டிகள். வேகமாக இருங்கள், டைவ் அடித்து உருளுங்கள், சுற்றாதீர்கள் என்பதுதான் முடிவு. 109க்கு எதிரே திருப்பத்தில் ஜெயித்த விமானம் இங்கே 109 மாதிரி சண்டை போட வேண்டியதாயிற்று.

இழப்பில் ஒரு பங்கு எரிபொருள் தீர்ந்ததாலும், உயரத்தில் புரொப்பெல்லர் கட்டுப்பாடு பழுதானதாலும் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 16

ஃபோக்க வுல்ஃப் 190ஐக் கடைசியில் போட்டவருக்கு இப்போது பதில்.

1942 ஜூன் 23 அன்று அர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் ஓட்டி திசை குழம்பி வேல்ஸில் பெம்ப்ரே தளத்தில் தன் 190ஐ முழுசாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அதை ஸ்பிட்ஃபயர் மார்க் 5பியோடு ஒப்பிட்டார்கள். திருப்ப வட்டத்தில் மட்டும் ஸ்பிட்ஃபயர் மேல், மற்ற எல்லாவற்றிலும் 190 மேல்.

அந்த "மற்ற எல்லாவற்றிலும்" என்பதில் உருளும் வேகம் முக்கியம். அமெரிக்க அளவீட்டில் 190 நொடிக்குச் சுமார் 160 டிகிரி உருண்டது. வழக்கமான இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயரின் உச்சம் நூறை ஒட்டித்தான். ஸ்பிட்ஃபயர் பின்னால் வருகிறதா? 190 ஒரு பக்கம் சாய்ந்து திரும்பத் தொடங்கும், ஸ்பிட்ஃபயரும் சாயும். சட்டென்று 190 மறுபக்கம் புரண்டு டைவில் இறங்கிவிடும். ஸ்பிட்ஃபயர் சாய்வை மாற்றி முடிப்பதற்குள் எதிரி பல நூறு மீட்டர் போயிருப்பான். தன் குறுகிய வட்டத்தைப் போட அதற்கு வாய்ப்பே கிடைக்காது.

இதனால்தான் பிரிட்டிஷ்காரர்கள் சில ஸ்பிட்ஃபயர்களின் இறக்கை நுனியை வெட்டினார்கள். பரப்பு குறையும், இறக்கைச் சுமை கூடும், உங்கள் அட்டவணையில் ஒரு படி இறங்கும். தெரிந்தேதான் செய்தார்கள். உருளும் வேகம் கூடியது, தாழ்வான உயரச் சண்டைக்கு அது போதுமாக இருந்தது.

190க்கும் ஒரு கொடிய குணம் உண்டு. அதன் ஸ்டால் எச்சரிக்கையே இல்லாமல் வரும். நேர்ப்பறப்பில் இடது இறக்கை விழுந்து கிட்டத்தட்டத் தலைகீழாகிவிடும். இறுக்கமான திருப்பத்தில் அளவு மீறி இழுத்தால் எதிர்ப்பக்கச் சாய்வுக்குப் புரட்டிப்போடும். அந்த விமானத்தில் யார் விளிம்புக்குப் போவார்கள்? அதன் கணக்கு ஆரம் ஒன்று என்றால் ஓட்டிகள் போட்ட ஆரம் அதைவிட நன்றாகவே பெரியதாக இருந்திருக்கும். இறக்கைச் சுமை 200ஐத் தாண்டியது ஒரு காரணம், இந்தப் பயம் இன்னொன்று.

ஜூன் 17

அமெரிக்க மஸ்டாங் எங்கே என்று கேட்கிறார்கள். சுருக்கமாக: அதன் பி-51டி வகையில் ஓட்டியின் முதுகுக்குப் பின்னால் 85 கேலன் தொட்டி ஒன்று உண்டு. பெர்லின் வரை போய்வர அது தேவைப்பட்டது. அது நிரம்பியிருந்தால் எடை மையம் பின்னால் போய்விடும். இறுக்கித் திரும்பும்போது ஸ்டிக் எதிர்ப்பதற்குப் பதிலாகத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கிளம்பியதும் அந்தத் தொட்டியைத்தான் முதலில் பெருமளவு காலி செய்தார்கள். ஒரே விமானம், ஒரே நாள். காலை எட்டு மணிக்கு ஒரு திருப்பம், பத்து மணிக்கு வேறு திருப்பம்.

ஜூன் 17, இரவு

உடம்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று ஒரு டாக்டர் நண்பர் குறைபட்டார். நியாயம்தான்.

ஜி ஏறினால் ரத்தம் தலையிலிருந்து இறங்கும். முதலில் நிறம் போகும், அப்புறம் ஓரப் பார்வை, பிறகு மொத்தமும் இருட்டு. காலை உயர்த்தி வைத்தால் கொஞ்சம் தாங்கலாம். ஸ்பிட்ஃபயரின் கால்மிதியில் சண்டைக்கென்றே ஆறு அங்குலம் உயரத்தில் இரண்டாவது படி வைத்தார்கள். 109இன் இருக்கை சாய்வாக, கால் உயரமாக இருந்ததால் அதன் ஓட்டிக்கும் அந்த அனுகூலம் உண்டு. நெருக்கடியான அந்த அறையைத் திட்டுகிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

கனடாவில் வில்பர் ஃபிராங்க்ஸ் தண்ணீர் நிரப்பிய உடையை உருவாக்கினார். 1944இல் அமெரிக்கர்கள் காற்று நிரப்பும் உடையைப் பரவலாகக் கொடுத்தார்கள். ஒன்று, ஒன்றரை ஜி கூடத் தாங்கலாம். மஸ்டாங்கின் இறக்கைச் சுமை ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஆனால் அந்த உடை போட்டவன் வேகமாகப் போகும்போது எதிரியைவிடக் கூர்மையாகத் திரும்பினான், ஏனென்றால் அவன் கண் இருட்டவில்லை.

ஜூன் 20

"அப்படியானால் கடைசியில் எண்ணே வேண்டாமா, எல்லாம் ஓட்டி கையில்தானா?" என்று முதலில் கேள்வி எழுப்பியவரே கேட்டிருக்கிறார். இல்லை ஐயா, அப்படிச் சொன்னால் அதுவும் அநியாயம். எண் வேண்டும். ஒரு எண் போதாது என்கிறேன்.

சோவியத் விமானம் யாக்-3ஐப் பாருங்கள். எடை சுமார் 2,700 கிலோ, இறக்கைப் பரப்பு 14.85 சதுர மீட்டர். இறக்கைச் சுமை 180ஐத் தாண்டுகிறது. உங்கள் அட்டவணையில் 109இக்கும் கீழே உட்கார வேண்டிய விமானம். நிஜத்தில் தாழ்வான உயரத்தில் அந்தப் போரின் மிகச் சிறந்த திருப்பக்காரர்களில் ஒன்று. குதிரைத்திறனுக்கு இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டிய எடை, இழுவை குறைந்த சுத்தமான உடல், மன்னிக்கும் குணம். சோவியத் சோதனையாளர்கள் திருப்பத்தை ஆரத்தால் பேசுவதைவிட, 1,000 மீட்டர் உயரத்தில் முழு வட்டத்துக்கு எத்தனை நொடி என்று அளந்தார்கள். அதில் எஞ்சினும் இழுவையும் தாமாகவே உள்ளே வந்துவிடும். எனக்கு அந்த அளவுமுறை பிடிக்கும்.

இதே சோவியத் படை 1939இல் மங்கோலிய எல்லையில், கல்கின் கோலில் ஜப்பானியரோடு மோதியபோது வேறு நிலையில் இருந்தது. ஜப்பானின் கி-27க்கு இறக்கைச் சுமை நூறுக்கும் கீழே. சோவியத்தின் ஐ-16 அதோடு வட்டம் போட்டு ஜெயிக்க முடியாது. மேலிருந்து இறங்கிச் சுட்டுவிட்டு அப்படியே போய்விடப் பழகினார்கள். இரண்டு ஆண்டு கழித்து ரங்கூனுக்கு மேலே, சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தொண்டர் படையின் தலைவர் ஷெனால்ட்டின் பி-40 ஓட்டிகள் செய்ததும் இதேதான்.

ஜூன் 21

உங்கள் அட்டவணையை நீங்கள் எடுக்க வேண்டாம், நீட்டுங்கள். நான் சேர்க்கச் சொல்வது நான்கு பத்தி: 1,000 மீட்டரில் முழு வட்டத்துக்கு ஆகும் நொடி, 500 கி.மீ. வேகத்தில் உருளும் வேகம். ஸ்டால் எச்சரிக்கை உண்டா, எப்படி. ஸ்டால் ஆனால் என்ன நடக்கும். கடைசி இரண்டுக்கும் எண் வராது, ஒரு வரி எழுதினால் போதும். என்னைக் கேட்டால் அந்த இரண்டு வரியை முதலில் படித்துவிட்டுத்தான் எண்ணுக்கே போவேன்.

ஜூன் 22

ஜப்பானின் "ஷிடென் கை" என்ற போர் விமானத்தின் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) தானாக இயங்குமா என்று கேட்டவருக்கு: ஆமாம், தானாகவே இயங்கும். உள்ளே பாதரசம் நிரப்பிய குழாய். வேகமும் ஜியும் மாறும்போது பாதரசம் ஏறி இறங்கி, ஃபிளாப்பை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று மின்தொடர்பு மூலம் சொல்லும். ஓட்டி ஸ்டிக்கை இழுத்தால் போதும், ஸ்டாலுக்கு முன்பே இறக்கைக்குக் கூடுதல் தூக்குவிசை வந்துவிடும். 1945இல் ஜப்பானிடம் அனுபவசாலி ஓட்டிகள் மிகக் குறைவு, பயிற்சிக்கு எரிபொருளும் இல்லை. பழகாத கை விளிம்புக்குப் போக முடியாது என்பதால் விளிம்பையே கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அட்டவணையின் மூன்றாவது, நான்காவது பத்திக்கு இதைத்தான் முதல் வரியாகப் போடுங்கள்.